எழுபது மீட்டர்

பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன்
இரவில் படியேறுகிறான் என்றால் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
தோ பாயோவில் என் புளோக்குக்கு இருபத்தைந்து மாடி.
முதுகுப்பையில் இரண்டு பொட்டலம் பொன்னி அரிசி,
அதன் மேல் ஆறு தண்ணீர்ப் போத்தல்.
கூடாரக் கம்பி பிடரியில் இடிக்க இடிக்க
ஏறுகிறேன்.
இறங்கத்தான் நான் எண்ணெய் விட்ட பெட்டி.

லொம்போக்கின் எரிமலை
மூவாயிரத்து எழுநூற்று இருபத்தாறு மீட்டர்.
என் புளோக் எழுபது.
ஐம்பத்துமூன்று முறை ஏறினால்
பதினாறு மீட்டர்தான் பாக்கி.
"அதை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றான் ஸுல்கிப்ளி.
அவன் ஈசூனில் ஏறுகிறான், பன்னிரண்டே மாடி.
கணக்கில் ஏமாற்றுகிறான் என்று எனக்குச் சந்தேகம்.

நான்காவதில் காலணி அடுக்கு, முன்சக்கரம் இல்லாத சைக்கிள்.
ஒன்பதில் யாரோ நெத்திலி பொரிக்கிறார்கள், தினமும்.
பதினான்கில் திருட்டுத்தனமாய்ப் புகைக்கும் மனிதர்
நான் கடக்கும்வரை
புகையை உள்ளேயே வைத்துக்கொண்டு தலையாட்டுவார்.
பதினேழில் கணக்கு நோட்டோடு ஒரு சிறுமி;
வீட்டில் சத்தமாம்.
முதல் வாரம் காலை மடக்கி வழிவிட்டாள்.
மூன்றாம் வாரம், தலை நிமிராமல்,
"முப்பத்தொன்று" என்றாள்.
நான் எண்ண மறந்ததை
அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.
இருபதுக்கு மேல் யாருமில்லை.
என் மூச்சு மட்டும் எனக்கு முன்னால் ஓடிப்போய்
திருப்பத்தில் நின்று காத்திருக்கும்.

குடில் பதிவாயிற்று:
எரிமலை வாய்க்குள் ஏரி, அதைப் பார்த்தபடி
பலகைச் சுவர், இரண்டு கட்டில், வெந்நீர் கிடையாது.
விடுப்பும் கிடைத்தது.
கிளம்ப நான்கு நாள் இருக்கையில்
மலை புகைவிட்டது.
மறு அறிவிப்பு வரை பாதைகள் மூடல்.
மூன்று வரிச் செய்தி; மூன்றாவது வரி மன்னிப்பு.
பழுதான மின்தூக்கியில் நான் ஒட்டும் தாளும்
இதே குரலில்தான் பேசும்.

அரிசி பையிலேயே இருந்தது.
சாங்கி முனையில் பம்போட் புறப்படப்
பன்னிரண்டு பேர் சேரவேண்டும். பத்துப் பேர் இருந்தோம்.
எங்கள் பைகள் இரண்டையும் ஆளாய் எண்ணச் சொன்னான் ஸுல்கிப்ளி.
படகுக்காரர் பைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்,
வெற்றுப் பெஞ்சில் கால்நீட்டிப் படுத்துவிட்டார்.

உபினில், ஜெலுத்தோங்கில் கூடாரம் அடித்தோம்.
முளையை நிலம் வாங்கவில்லை.
ஒரு சாண் மண், அடியில் கருங்கல்.
வளைந்த முளையைக் கல்லால் தட்டி நிமிர்த்தி
மறுபடி வளைத்தோம்.
மாலையில் புவாக்கா குன்று.
எழுபத்து நான்கு மீட்டர் என்று போட்டிருந்தது.
என் புளோக்கைவிட நான்கு கூடுதல்.
பேசிக்கொண்டே ஏறிவிட்டோம், மூச்சு பின்னால் வந்தது.
கல் வெட்டிய பள்ளத்தில் மழைநீர், பச்சையாய், ஆழமாய்.
"பார், நம்ம ஏரி" என்றான்.
நான் சிரித்திருக்க வேண்டும்.

இருட்டியதும் தொலைபேசியில் படித்துச் சொன்னான்:
இந்தக் கல்லும் ஒருகாலத்தில் உருகிய நெருப்பாம்;
வெளியே வர வழியில்லாமல்
பூமிக்குள்ளேயே ஆறிப்போனதாம்.
"எத்தனை மாடிக்குக் கீழே?" என்றேன்.
அது அதில் இல்லை.

நடுநிசியில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்து
பையைக் கிழித்துப் பொன்னியைத் தின்றது.
மூன்று மாதம் மலைக்காகச் சுமந்த அரிசி
அதன் பல்லில் நறநறத்தது.
நாங்கள் விரட்டவில்லை.
தாழப் பறந்துவந்தன சாங்கி விமானங்கள்,
ஒவ்வொன்றிலும் எங்கள் காலி இருக்கைகளைத் தேடினேன்.

கூடாரத்துக்கு வெளியே பாறையில் முதுகு சாய்த்தேன்.
சூடாக இருந்தது.
பகல் வெயிலின் சூடுதான், தெரியும்.
ஆனாலும் விடியும்வரை
அதிலிருந்து கையை எடுக்கவில்லை.